சனிக்கிழமைத் தாள் இருந்த பக்கம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும், யாருடைய புடவை என்று தெரிவதற்காகக் குத்திவைக்கும் துண்டுச் சீட்டும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். பேச வராதவளுக்கு எழுத மட்டும் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டால் அது நியாயம். ஒரு சனி, ஒரு ஞாயிறு, அந்த இரண்டு நாளில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

செகந்திராபாத்தை அடுத்த குஷாய்குடாவில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. என் கணவருக்கு, வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. சிவகாசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. நான் வீட்டிலிருந்தபடியே புடவையின் கீழ் ஓரத்துக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானைக்குப் பிகோ அடித்துக் கொடுக்கிறேன். ஒரே மகள். படிப்பை முடித்து, கூகட்பள்ளியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்வருகிறாள்.

அவரும் தமிழில் படித்தவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் சுற்றறிக்கை வந்தால் முகம் வெளிறிப்போகும். ஊருக்குப் போயிருந்தபோது சாத்தூர் பஸ் நிலையத்துக் கடையில் கையடக்கமான ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று வாங்கினார். அட்டை எப்போதோ போய்விட்டது. பிளவுஸ் துணியில் நான் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த சட்டங்கள் இரண்டு. முதலாவது, அதில் பேனாவோ பென்சிலோ படக்கூடாது. வார்த்தை பார்த்தால் அன்றைய தினக் காலண்டர் தாளைக் கிழித்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். என் அண்ணன் அச்சகத்தில் வேலை பார்ப்பதால் வருஷம் தவறாமல் காலண்டர் பார்சலில் வந்துவிடும். அதனால் எங்கள் அகராதி முழுக்க ராகுகாலமும் எமகண்டமுமாக இருக்கும்.

இரண்டாவது சட்டம், தேடிய வார்த்தை இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. "அந்த வீடு பூட்டியிருந்தா மேல் வீட்டுல கேளு, கீழ் வீட்டுல கேளு. ஏதாவது தெரிஞ்சிருக்கும்" என்பார். நெக்லிஜென்ஸ் இல்லாவிட்டால் மேலே நெக்லெக்ட் இருக்கும், கீழே நெக்லிஜென்ட் இருக்கும். அர்த்தம் பிடிபட்டுவிடும். பல வருஷம் அவர் அப்படித்தான் சுற்றறிக்கைகளைப் படித்தார்.

பக்கத்து வீடுகள் எல்லாம் சொந்தக்காரர்கள் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மேரேஜ் இருக்கும் பக்கத்திலேயே மார்ட்டர், அதாவது தியாகி, இருப்பதை ஒருநாள் அவர் கண்டுபிடித்தார்.

"பாத்தியா, நம்ம ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல போட்டிருக்கான்."

"இதுல தியாகி யாராம்?"

"அதைப் போடல."

போன தீபாவளி முடிந்து சில நாளில் என் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கண்ணாடியில் தெரியாது, எச்சில் விழுங்கும்போது விரலுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அவர் இல்லாத நேரத்தில் அகராதியில் டியூமர் என்ற வார்த்தையைப் பார்த்தேன். கட்டி என்றுதான் போட்டிருந்தது. அது எனக்கே தெரியும். பழக்க தோஷத்தில் தாளைக் கிழித்து உள்ளே வைத்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து அவர் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இந்தப் பக்கத்துல நீ என்ன வார்த்தை பாத்த?"

பக்கத்தில் கண்ணில் பட்டதைச் சொன்னேன். "டம்ளர்."

"டம்ளர்னா என்னன்னு உனக்குத் தெரியாது?"

நான் அவர் விரலைப் பிடித்துக் கழுத்துக் கட்டியில் வைத்தேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு கட்டியில் ஊசி குத்தி நீரை உறிஞ்சி எடுத்தார்கள். காத்திருந்த பெஞ்சில் எனக்கு அந்தப் புத்தகத்தின் இன்னொரு பக்கம்தான் ஞாபகம் வந்தது. மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்தபோது பார்த்த பக்கம். ஹாஸ்பிட்டலும் ஹாஸ்டலும் ஒரே பத்தியில் இருக்கும். நடுவில் ஹாஸ்டேஜ், பணயக்கைதி; கடைசியில் ஹாஸ்டிலிட்டி, பகைமை. அச்சடித்தவன் எதையோ தெரிந்துதான் அடுக்கியிருக்கிறான் என்று பட்டது.

ரிப்போர்ட் சனிக்கிழமை கிடைக்கும், டாக்டரைத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்கள். சனிக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்குப் பன்னிரண்டு புடவை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் அவர் மட்டும் போனார். மூன்று மணிக்குத் திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ரிப்போர்ட் இன்னும் வரலயாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்ப வருமாம்?"

"திங்கக்கிழமை நேரா டாக்டர்கிட்டயே போயிடுமாம்."

சரி என்றேன். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் துழாவுவது என் வழக்கம். ஆஸ்பத்திரி ரசீது இருந்தது. அதன் குறுக்கே நீல மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். டெலிவர்டு. அந்த வார்த்தைக்கு எனக்கு அகராதி வேண்டாம், கூரியர்க்காரன் காட்டும் தாளில் தினமும் பார்ப்பதுதான்.

ரசீதை இருந்தபடியே மடித்துச் சட்டைப்பையில் திரும்ப வைத்தேன். சட்டையையும் கொக்கியில் மாட்டினேன். தெரிந்தது மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் செய்தது ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரிந்தது. வழக்கமாக டீ குடித்துவிட்டு டிவி முன்னால் உட்காருகிற மனிதர், அன்று தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் புடவை யாருது?"

"கல்யாண வீட்டோடது."

"எந்த ஊர்க்காரங்க?"

"கரீம்நகர் பக்கமாம்."

"அவங்க என்ன சொல்லிட்டுப் போனாங்க? விவரமாச் சொல்லேன்."

இருபத்தாறு வருஷத்தில் புடவைக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. நான் ஒரு வரியில் பதில் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. என் அம்மா வைக்கும் புளிக்குழம்புக்கு எப்படித் தாளிக்க வேண்டும் என்று கேட்டார். அண்ணனுக்கு ஃபோன் போட்டுப் பேசு என்றார். அவருடைய செல்ஃபோன் மெஷின் மேஜையில், நூல்கண்டுகளுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அதை அவர் அங்கே வைத்து நான் பார்த்ததில்லை. பாபினை எடுக்கப் போனபோது திரையைப் பார்த்தேன். சிவப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

நான் பேசுவதை அவர் பதிவு செய்துகொண்டிருந்தார்.

பெண்டாட்டி பேசுவதை ரகசியமாகப் பதிவு செய்து கோர்ட்டில் போட்டுக் காட்டுவதை டிவி சீரியலில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வாயடைத்துப் போனது. "தலை வலிக்குது, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் தைப்பதில் கண்ணாக இருந்தேன். அவர் முகம் ஒரு மாதிரி வாடியது. அதையும் நான் நம்பவில்லை.

விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. சனிக்கிழமை இன்னும் முடியவில்லை, தாள் மட்டும் போய்விட்டது. தாள் போனால் எங்கே போகும் என்பது எங்கள் வீட்டில் இரண்டே பேருக்குத் தெரியும்.

அவர் பால்கனியில் மகளோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. நாளைக்குக் காலையில வந்துடு. வந்தப்புறம் சொல்றேன்" என்றது காதில் விழுந்தது. அந்த நேரத்தில் நான் அலமாரியைத் திறந்து அகராதியை எடுத்தேன்.

சனிக்கிழமைத் தாள் ஸி எழுத்தில் இருந்தது. பக்கத்தின் முதல் வார்த்தை கொலாப்ஸ். இடிந்து விழு, நிலைகுலை. அதன் கீழே காலர், கழுத்துப்பட்டை. கழுத்து என்று பார்த்ததும் என் கை தானாகக் கட்டிக்குப் போனது. அடுத்தது கொலீக், உடன் வேலை பார்ப்பவர். அவருடைய பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மாள் இரண்டு வாரமாக அடிக்கடி ஃபோன் செய்கிறார். வேலை விஷயம் என்பார். அவர் மேல் அப்படி ஒரு சந்தேகம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. அன்றைக்கு அதுவும் வந்தது. அதற்குக் கீழே கலெக்ட், காலேஜ், கொலைடு, கொலிஷன் என்றால் மோதல், கொலோக்குவியல் என்றால் பேச்சு வழக்கு சார்ந்த. பிறகு கொலூஷன். கள்ளக்கூட்டு, கூட்டுச்சதி. பால்கனியில் அவர் இன்னும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தை காலனி.

ஒரு பக்கத்தில் தாள் வைத்தால் எந்த வார்த்தை என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. வேண்டியதை வேண்டியவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார், அவ்வளவுதான். அன்று அந்த ஒரே பக்கத்தில் அத்தனை வார்த்தைகளும் என்னைப் பற்றியவையாகத் தெரிந்தன. நான் இடிந்து விழப் போகிறேன். கழுத்தில்தான் வந்திருக்கிறது. அப்பாவும் மகளும் சேர்ந்துகொண்டார்கள். காலனிக்கே தெரிந்த பிறகுதான் எனக்குச் சொல்வார்கள்.

ஞாயிறு காலையில் கீழ் வீட்டு அக்காவிடம் புடவை கொடுக்கப் போனேன். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும். பேச்சில் மட்டும் ஏன் என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று இந்த ஊர் உருது வரும். சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொலூஷன்னா சரியா என்னக்கா?"

"ரெண்டு பேரு வெளியில ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டு உள்ளுக்குள்ள சேர்ந்து இன்னொருத்தரை ஏமாத்துறது. கைக்கு கேக்குற?"

"சும்மாதான் கேட்டேன்."

"ஹவ், சும்மாதான். ஞாயித்துக்கிழமை காலையில சும்மா இந்த வார்த்தை வரும் பாரு." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "வீட்டுல எல்லாம் சரிதானே?"

"சரிதான்க்கா."

"புடவையில பின் குத்தாம இருக்கா பாத்துக் குடு. போன தடவ சர்ச்சுல குத்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கட்டி கெட்டதாக இருந்தால் டாக்டரே சொல்லிவிட்டுப் போகட்டும். என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாடி ஏறும்போதே கேட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

மகள் வந்திருந்தாள். அப்பாவும் அவளும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. நேராக அலமாரிக்குப் போய் அகராதியை எடுத்து, தாள் இருந்த பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன்.

"இந்தப் பக்கத்துல நீங்க என்ன வார்த்தை பாத்தீங்க?"

அவர் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, "காலேஜ்" என்றார்.

"காலேஜுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது?"

மகள் சிரித்துவிட்டாள். அவளுக்கு டம்ளர் கதை தெரியாது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து கீழே போனார். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி மூடும் சத்தம் கேட்டது. மடித்த ஒரு கவரோடு திரும்பி வந்து அதை என் கையில் கொடுத்தார்.

ரிப்போர்ட்டில் கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டு வார்த்தை. முதல் வார்த்தை கொலாய்டு, இரண்டாவது நாட்யூல், அதாவது கட்டி.

"கவுன்டர்ல குடுத்தான். டாக்டர் இல்ல. அவன்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு, பின்னால பெரிய வரிசை" என்றார். "இந்த வார்த்தை புத்தகத்துல இல்ல. அதனால அக்கம்பக்கத்து வீட்டை விசாரிச்சேன். மேல் வீட்டுல மோதல்னு இருக்கு. கீழ் வீட்டுல பேச்சுன்னு இருக்கு. கட்டியோ கழுத்துல இருக்கு. நான் வேற என்ன நெனைக்கிறது?"

"என்ன நெனைச்சீங்க?"

"உனக்குப் பேச்சு போயிடும்னு நெனைச்சேன்."

நான் அடுத்ததைக் கேட்டேன்.

"அதுக்குத்தான் ஃபோன்ல பதிவு பண்ணீங்களா?"

"நீ பேசுறதே கொஞ்சம்" என்றார்.

"அப்பா, நுவ்வு சீரியஸ்கா டிக்ஷனரி சூசாவா?" நிஜமாகவே அகராதியைப் பார்த்தாயா என்று தெலுங்கில் கேட்டாள் மகள். அவளுக்குக் கோபமோ அழுகையோ வந்தால் தமிழ் வராது. "கூகுள் இருக்குல்ல?"

"அதுல தும்மலுக்குப் போட்டாலும் கேன்சர்னுதான் வரும்னு நீதான சொன்ன."

அவள் கவரைப் பிடுங்கி ஃபோனில் தட்டினாள். படித்தாள். "ஏமீ லேது மா, ஒண்ணும் இல்ல. தைராய்டுக்குள்ள பசை மாதிரி ஒண்ணு சுரக்குமாம். அது சேந்து வீங்கியிருக்கு. கேன்சர் இல்ல. நெறைய பேருக்கு வருமாம்."

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் திரையை மேலே தள்ளினாள். எதையோ தாண்டுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"தாண்டாம படி."

"தாண்டல மா."

"முதல்ல இருந்து படி."

முதலிலிருந்து படித்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, வராத இடத்தில் தெலுங்கு. அவரும் காதைக் கொடுத்துக் கேட்டார். முடிந்ததும் "எல்லாம் படிச்சிட்டாளா?" என்று என்னைக் கேட்டார். எனக்கெப்படித் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து அவளைச் சந்தேகமாகப் பார்த்தோம். "போங்க ரெண்டு பேரும். நாளைக்கு டாக்டர் சொன்னா நம்புவீங்கல்ல" என்று ஃபோனைத் தூக்கி சோபாவில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

சாப்பிட்ட பிறகு அவர் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டச் சொன்னாள். அவருக்கு இஷ்டமில்லை. பிடுங்கிப் போட்டாள். முக்கால்வாசி தையல் மெஷின் சத்தம்தான். நடுநடுவே அவர் குரல், கேள்வி, கேள்வி, கேள்வி. என் குரல் இவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியாது. ஆம், இல்லை, கரீம்நகர், வெந்தயம் கடைசியில போடணும். பிறகு தலை வலிக்குது, அப்புறம் பேசலாம். அதோடு முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா அப்பா?"

"அதுக்கு மேல அவ பேசல."

அந்த வாயடைப்பு ஏன் என்று அவரிடம் அன்று நான் சொல்லவில்லை. கொலீக் என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் தெரியப்போகிறது.

அகராதியை எடுத்து வைக்கும்போது அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தேன். கொலிஷனுக்கும் கொலோக்குவியலுக்கும் நடுவே ஒரு வரி இடைவெளிகூட இல்லை. அங்கே ஒரு வார்த்தை விடுபட்டிருக்கிறது என்று பார்த்தால் தெரியவே தெரியாது. சனிக்கிழமைத் தாளை எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. டோக்கன் முப்பத்தொன்று. இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கெட்ட கட்டி இல்லை, ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அவரிடம் இந்தியில் சொன்னார். பேச்சு போகுமா என்று நான் கேட்டேன். போகாது என்றார். வீட்டுக்கு வந்து, கல்யாண வீட்டுடையது போக வேறொருவர் கொடுத்திருந்த இரண்டு புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தேன்.